இரண்டாவது ஆள்

லெயோன்,
அக்டோபர், ஞாயிறு.

அன்புள்ள இட்சியாருக்கு,

நாங்கள் நலம். பெர்கன் மழையில் நீ சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். ஏழு வருஷம் கழித்து உன் பழைய பேராசிரியர் எவரிஸ்தோவின் மனைவி எழுதினால், யாரோ செத்துவிட்டதாக நினைப்பாய். யாரும் சாகவில்லை.

அவருக்குக் கண் போய்விட்டது. பார்க்கிற இடத்தின் நடுவே கறுப்பாக ஏதோ நிற்கிறதாம். டாக்டரையும் என்னையும் தவிர ஒருவரிடமும் அவர் மூச்சு விடவில்லை. நாற்பது வருஷம் உழைத்த அந்தப் பழைய ஊர்ச் சட்டக் கையெழுத்து ஏட்டின் பதிப்பு வசந்தத்தில் அச்சேற வேண்டும். அதற்குள் அச்சுத்தாளை மூல ஏட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். அவர் ஏட்டின் படத்தைப் பார்த்து வாசிப்பார், நான் அச்சுத்தாளைப் பார்ப்பேன்.

போன வாரம் தெரியாமல் வேறு பக்கத்தின் படத்தை வைத்துவிட்டேன். அவர் பூதக்கண்ணாடியைப் பிடித்தபடி, அங்கே இல்லாத பக்கத்தைக் கணீரென்று வாசித்தார். எல்லாம் மனப்பாடம். படத்தின் ஓரத்திலிருந்த பக்க எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் நினைவை அவர் நினைவோடேயே ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். பிழை இருந்தால் யார் கண்டுபிடிப்பது? எனக்கு அந்த எழுத்து வெறும் கோழிக் கிறுக்கல்.

பல்கலைக்கழகத் துறைக்காரர்களை உதவிக்குக் கூப்பிடலாம் என்றேன். "ஒரு விருந்து வெச்சு, முதுகுல தட்டி, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார். உன் பெயரைச் சொன்னேன். "அவளா? என்கிட்ட தப்பு கண்டுபிடிக்கலன்னா அவளுக்குச் சோறு எறங்காதே" என்றார்.

அவரிடம் ஏடு படிக்கக் கற்றவள் நீ. உன் ஆய்வேட்டுத் தேர்வில், அந்த ஏட்டை எழுதியது இரண்டு பேர் என்று நீ சொன்னதும், "ஒரே ஆள்தான். கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட்டுக்கம்மா" என்று நிறைந்த அவையில் சொன்னார். தேர்வாளர்களுக்கு நீ கொடுத்த விருந்துக்கும் வரவில்லை. அவர் பங்கு ஆட்டுக்கறியை நான்தான் தின்றேன். அவர் மேல் எனக்கு இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது.

நேற்று வாசித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். "இங்கேருந்து ரெண்டாவது ஆள் எழுதறான். குறிச்சுக்கோ" என்றார். பிறகு காபி கேட்டார். உன் ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். நீ சொன்ன அதே இடம்.

கிறிஸ்துமஸுக்கு வா. நான் எழுதியதாகச் சொல்லாதே. ஏட்டில் ஏதோ சந்தேகம், கேட்க வந்தேன் என்று சொல். முதலில் திட்டுவார். திட்டி முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தை நீ கையில் எடுத்துக்கொள்.

உன் கண்களை மாதா பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
லியோகாடியா