வண்டிக்குப் பின்னால் நின்றவளுக்கு

அம்மா, இதை யாருக்கும் காட்டாதே. நீ யாருக்குத்தான் காட்டப் போகிறாய், எனக்கே தெரியும். ஆனாலும் சொல்கிறேன். அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது.

டிரெய்லரைக் கொக்கியில் பூட்டுகிற இரும்புப் பின் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. சாயங்காலம் நான்தான் கொக்கியிலிருந்து உருவிக்கொண்டு வந்தேன். தாவணித் துணியில் சுற்றியும் கிரீஸ் வாசனை வருகிறது. நீ எத்தனை தடவை துணி சோப்பு போட்டுக் கழுவினாலும் உன் விரல்களில் இதே வாசனை இருக்கும். அந்தக் கையாலேயே எனக்குத் தலை பின்னிவிடுவாய். நான் முகத்தைச் சுளிப்பேன். இப்போது அந்தத் துணியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பிக்கப் வாங்கிய புதிதில் பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து ஃப்யூஸ் கட்டை மூட்டைகள்தான் ஏற்றினோம். மெஷின் ஏற்ற டிரெய்லர் வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். வெல்டிங் பட்டறையில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? கொக்கியை பம்பரிலேயே ஒட்டிவிடலாம் என்றார். நீ என்னை இடுப்பால் இடித்து ஒதுக்கிவிட்டு முன்னால் போனாய்.

"பம்பர்ல மாட்டுனா, டிரெய்லரு பம்பரைக் கூட்டிக்கினு அது வழியில போவும். நீங்க வண்டிய எடுத்துக்கினு உங்க வழியில போங்க."

பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். "அக்கா சொல்றதுதாண்ணே சரி. சேசிஸ்லதான் போடணும்."

"அப்பிடின்னா நீயே ஓட்டிக்க" என்று அப்பா முறுக்கிக்கொண்டார். ஆனால் சேசிஸில், வண்டியின் அடிச்சட்டத்தில்தான் போட்டார். பின்பக்க ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூடுதலாக வைத்தார். கொக்கிக்கு இரண்டு பக்கமும் சங்கிலி மாட்ட வளையமும் வைக்கச் சொன்னார். அதுவும் நீ கேட்டதுதான்.

அதற்கப்புறம் ஓட்டுவது அவர் வேலை, பின்னால் நிற்பது உன் வேலை என்று ஆகிவிட்டது. "வா, வா, வா, லெஃப்ட்டு ஒடி, போதும்!" என்று தெருவே கேட்கும்படி கத்துவாய். பின்னைச் செருகுவாய். சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போட்டு மாட்டுவாய். கொக்கி விட்டுப்போனாலும் டிரெய்லர் ரோட்டில் குத்தாமல் சங்கிலி தாங்கிக்கொள்ளும் என்பாய். அப்பா பிரேக்கை மிதிப்பார், பின்னால் சிவப்பு விளக்கைப் பார்த்து "எரியுது" என்பாய். கடைசியில் பிக்கப்பின் பின்பக்கக் கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. அதைக் கேட்ட பிறகுதான் அவர் கியர் போடுவார். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

உனக்குக் காய்ச்சல் வந்து பெரியாஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வண்டி நின்றே கிடந்தது. நீ போன பிறகு மூட்டை ஏற்ற மட்டும் எடுத்தார். டிரெய்லரைத் தொடவில்லை. சங்கிலி நீ கட்டிவைத்த சாக்கிலேயே மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. இந்த வீட்டில் உன் பெயரை யாரும் சொல்வதில்லை, அம்மா. சோறு போடும்போது தட்டு சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

இன்று டிரெய்லரை எடுத்துவிட்டார். மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து மண் அரைக்கிற பெரிய உருளையை ஏற்றி வந்திருக்கிறார். விடிந்ததும் மங்கலம்பேட்டைக்குப் பக்கத்தில் இறக்க வேண்டுமாம். நான் ஸ்கூல் பையைக்கூடக் கழற்றவில்லை, எல்லாம் சரியா என்று பின்னால் நின்று பார்க்கச் சொன்னார். உருளை டிரெய்லரின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. "பாரம் முன்னாடி வரணும், இல்லன்னா வண்டியையே ஆட்டிடும்" என்று நீ சொல்வாயே. முன்னால் தள்ளவில்லை. சங்கிலியும் இல்லை.

"அப்பா, சங்கிலி?"

"கொக்கி ஸ்ட்ராங்கா இருக்குது பாப்பா. நீ தட்டு."

"அம்மா மாட்டுமே."

அவர் வண்டிக் கதவை அடித்துச் சாத்திவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நான் தட்டவில்லை. தட்டியிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொன்னதாகிவிடும் இல்லையா?

வழியில் வருகிற ரயில்வே பாலத்து இறக்கத்தைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அந்த உருளை பின்னாலிருந்து நெட்டும். அவரும் போய்விட்டால் நான் யாரிடம் போவேன்? அதனால்தான் பின்னை எடுத்தேன். ஆனால் இப்போது வேறு பயம் வந்துவிட்டது. பின் இல்லை என்றால் அவர் ஏதாவது ஒரு போல்ட்டைச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். அது இதைவிட மோசம். ஒளித்து வைத்தது தப்புதான். ஆனால் திருப்பி வைத்தாலும் பயம்தான். நீயாக இருந்தால் ஒளிக்க மாட்டாய். வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, மாட்டுகிற வரைக்கும் தட்ட மாட்டாய்.

எனக்கு உன்னைப் போல் கத்த வராது. சங்கிலியைக் குறுக்காகப் போடத் தெரியும், பார்த்திருக்கிறேன். தட்டவும் தெரியும். உன் கை எந்த இடத்தில் விழும் என்று தெரியும், அங்கே பெயிண்ட் தேய்ந்திருக்கிறது. சாயங்காலம் என் கையை அங்கே வைத்துப் பார்த்தேன்.

அப்பா எழுந்துவிட்டார். வாசல் லைட்டைப் போட்டிருக்கிறார். வண்டிக்குப் பின்னால் குனிகிறார். பின் இல்லை என்று தெரிந்துவிட்டது. கொட்டகைப் பக்கம் போகிறார், போல்ட் தேடத்தான் போகிறார். ஏதோ சாக்கு இழுபடுகிறது.

அம்மா, அது சங்கிலிச் சத்தம்.

சங்கிலியோடு இங்கே வருகிறார். என் கதவை உள்ளங்கையால் தட்டுகிறார், இரண்டு தட்டு.