தராசில் தொங்கிய துப்பாக்கி

9-6-74, ஞாயிறு

அவமதிப்பை அன்றன்றே எழுதி வைப்பது என் வழக்கம்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஏகநாதன், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினான்கு விழாவின் காற்றுத் துப்பாக்கிப் போட்டிக்குக் கிருமாம்பாக்கத்துப் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். என் மகள் உமையாளின் பெயரைச் சொன்னேன். பேனா நின்றது.

"ஏம்மா, அந்தப் பொண்ணுக்குக் கையே தூக்க வராதே. துப்பாக்கிய இன்னா, பல்லால கடிச்சிக்குமா?"

சுற்றியிருந்தோர் சிரித்தனர். எழுதும்வரை நகர மாட்டேன் என்றேன். எழுதினார்.

அவளுக்கு வயது பதினொன்று. காய்ச்சலுக்குப் பின் இரு தோள்களும் எழவில்லை. விரல்களிலும் கண்ணிலும் யாதொரு குறையும் இல்லை.

11-6-74

பெருச்சாளி விரட்ட என் கணவர் வாங்கிய காற்றுத் துப்பாக்கியை அரிசி மூட்டைமேல் வைத்துக் கொடுத்தேன். முனையைத் திருப்ப வலுவில்லை. அழுதாள். நான் அழவில்லை.

16-6-74

எங்கள் மளிகைக் கடையில் வெல்லம் நிறுக்கையில் விடை கிடைத்தது. சமமாக நிற்கும் தராசை அசைக்க வலு எதற்கு?

பின்கட்டு உத்தரத்தில் பெரிய தராசை மாட்டினேன். துப்பாக்கியை ஒரு முனையில் கயிற்றால் கட்டித் தோள் உயரத்துக்குத் தொங்கவிட்டேன். மறுமுனைத் தட்டில் அதே எடைக்கு எடைக்கற்கள். துப்பாக்கி அந்தரத்தில் மிதந்தது. உமையாள் கன்னத்தாலேயே அதைத் திருப்பினாள்!

கணவர் வந்து பார்த்தார். "இன்னாடி இது, பருப்ப நான் எதுல நிறுக்கறது?"

கைத்தராசில் என்றேன்.

23-6-74

இருபது குண்டுகள். விழுந்த காலித் தீப்பெட்டிகள் மூன்று. பின்னால் நின்று ஒவ்வொரு முறையும், "இடப்பக்கம், சற்றே மேலே, மூச்சை அடக்கு" என்று தெளிவாகத்தான் சொல்கிறேன். கணவர் போட்ட முடிச்சு சரியில்லை.

30-6-74

முடிச்சை மாற்றினேன். நான்கு.

7-7-74

ஏகநாதன் சோதிக்க வந்தார். "தராசு சுடுது, பொண்ணு வேடிக்க பாக்குது."

"அப்படியானால் பரிசைத் தராசுக்கே கொடுங்கள்" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "சரி, தொங்கவுட்டுக்கோ. ஆனா நீ வேடிக்க பாக்கறவங்களோட எல்லைக் கயித்துக்கு அந்தாண்டதான் நிக்கணும். குண்டு நான் போடறேன். நீ வாயத் தொறந்தா பேர அடிச்சிடுவேன்."

என்ன வன்மம்! நான் சொல்லாமல் அவள் எப்படிச் சுடுவாள்? இன்னா மனுஷன் இவன் — கொழந்த கிட்டயா காட்டறது இதெல்லாம்?

14-7-74

சுருக்கமாக எழுதுகிறேன். ஐந்து தீப்பெட்டிகள், பத்தடித் தொலைவு. கயிற்றுக்கு வெளியே நான், வாய்மூடி. முதலாவது விழுந்தது. ஏகநாதன் குழலை மடக்கிக் குண்டு போட்டு விலகினார். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது தவறியது. ஐந்தாவது விழுந்தது.

இரண்டாம் பரிசு, எவர்சில்வர் டம்ளர். என்னைப் பாராமல் அவளிடம், "மூச்சு நல்லா புடிக்கிற" என்றார்.

வழியில் கேட்டேன், நான் அருகில் இல்லாதது பயமாயிருந்ததா என்று.

"இல்லம்மா. நீ பேசாததாலதான் பொட்டி ஒழுங்கா தெரிஞ்சிது."

21-7-74

முடிச்சில் குற்றமில்லை போலும்.

பின்கட்டில் கணவர் குண்டு போட்டுக் கொடுக்கிறார், இயல்பாகவே பேசாதவர். தீப்பெட்டிகள் விழும் ஓசை கடைவரை கேட்கிறது. ஒருமுறை ஓசை இல்லை. எழுந்தேன். உட்கார்ந்தேன். மிளகு கேட்ட தையலம்மாளுக்கு அதே நூறு கிராமை இருமுறை நிறுத்தேன்.