சினேகா என்ற பாய்லர்

12 ஜூன் 2006

காலை சங்கு ஊதுவதற்கு முன்பே ஃபேக்டரிக்குப் போய்விட்டேன். சினேகா நன்றாக மூச்சு விடுகிறாள். நீராவி அழுத்த முள் அசையாமல் நிற்கிறது.

நாளைக்கு நானே கிழவியாகி இதைப் படித்தால் சினேகா யார் என்று மறந்திருக்கலாம், எழுதிவைக்கிறேன். எங்கள் கண்ணாடி பாட்டில் ஃபேக்டரியின் பாய்லர். முதல் உலையின் சிம்னி வழியாக வீணாக வானத்துக்குப் போன சூட்டைப் பிடித்து நீராவியாக்குகிறவள். அவள் வந்த பிறகு, ஃபர்னஸ் ஆயிலை மொடாக் குடியாகக் குடித்துக்கொண்டிருந்த பழைய பாய்லரை நிறுத்திவிட்டோம்.

பெயர் வைத்தது பெயின்டர் ரகுபதி. காத்திவாக்கத்துக்காரர், படகுக்குப் பெயர் எழுதிப் பழகிய கை. புதுப் படகு கடலில் இறங்கினால் வீட்டுப் பெண்ணின் பெயரையும் இறக்கிய நாளையும் எழுதாமல் விடமாட்டார். பாய்லருக்குப் பூஜை போட்ட அன்று யாரையும் கேட்கவில்லை. அதன் வயிற்றில் நீலப் பெயின்டில் தன் மகள் பெயரை எழுதிவிட்டார்: 'சினேகா – 2003 ஆயுத பூஜை'. ஜி.எம். ராமசுப்பு சார் கத்தப்போகிறார் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றோம். அவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "சுழி நல்லா வந்திருக்கு" என்று போய்விட்டார். அவருக்கும் உள்ளுக்குள் பெருமைதான். வரைபடம் அவருடையது ஆயிற்றே. கட்டினது ஃபோர்மேன் ஹுமாயூன் பாய். கணக்குப் போட்டது நான். வெளிநாட்டுக்காரன் ஒருவன்கூடக் கால் வைக்கவில்லை.

19 ஜூன்

மும்பையிலிருந்து கன்சல்டன்ட் வந்திருந்தார். சினேகா குறைத்த புகையை ஜப்பான் கம்பெனிக்கு விற்கலாமாம். கார்பன் கிரெடிட். ஃபேக்டரி சார்பில் பொறுப்பு எனக்கு! வியாசர்பாடி ஹவுசிங் போர்டு கார்குழலிக்கு! பஸ்ஸில் வரும்போதே பக்கத்து சீட்டு அம்மாவிடம் சொல்லியிருப்பேன், வாயை அடக்கிக்கொண்டேன்.

வீட்டில் அம்மாவுக்கு விளக்கினேன். கியோட்டோ ஒப்பந்தத்தில் பணக்கார நாடுகள் புகையைக் குறைப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. ஜப்பான், 1990இல் விட்டதைவிட ஆறு சதவீதம் குறைக்க வேண்டும். சொந்த ஊரில் குறைக்க முடியாத பங்குக்கு, எல்லை விதிக்கப்படாத இந்தியா மாதிரி நாட்டில் யாராவது குறைத்ததை வாங்கித் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். காற்றுக்கு எந்த ஊர் என்று தெரியாது அல்லவா?

"அவன் வூட்டுக் குப்பைக்கு நம்ம வூட்ல தொடப்பமா?" என்றாள் அம்மா.

என் அம்மா கெங்கம்மாவிடம் எதையும் சுலபமாக விற்க முடியாது.

3 ஜூலை

விதிப்படி அக்கம்பக்கத்து மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். காத்திவாக்கம் சமுதாயக் கூடத்தில் கூட்டம். கன்சல்டன்ட் பேசியதை நான் தமிழில் சொன்னேன். ரகுபதியின் மனைவி செல்லம்மா மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"பொகைய ஜப்பான்காரன் வாங்கிக்கிறான், சரி. எப்டி எட்துகினு போவான்? டிரம்லயா?"

கூடமே சிரித்தது. விடாத புகைக்குத்தான் விலை என்று சொன்னேன்.

"உடாத பொகைக்கா? அப்போ ஆத்துல கலக்குற கலீஜுக்கும் ஒருத்தன இட்டுகினு வாயேன். அத்த உடாம இருந்தா எங்களுக்கு எறாலாவது கெடைக்கும்."

கன்சல்டன்ட், "இது நம்ம திட்டத்துக்குச் சம்பந்தமில்லை, எழுத வேண்டாம்" என்றார். எழுதினேன். கருத்துக் கேட்கத்தானே கூப்பிட்டோம்.

14 ஜூலை

கன்சல்டன்ட் தயாரித்த அறிக்கை வந்தது. இந்த வரிகளை மூன்று தடவை படித்தேன்.

'உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு இத்தொழில்நுட்பத்தில் திறமை இல்லை. கார்பன் வருமானம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் நிர்வாகம் துணிந்திருக்காது. கியோட்டோ ஒப்பந்தம் 2005 பிப்ரவரியில் அமலுக்கு வந்த பின்னரே முடிவு எடுக்கப்பட்டது.'

2005இல் முடிவா! அப்போது சினேகா ஓடத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. திறமை இல்லையாம். ஹுமாயூன் பாய் வைத்த வெல்டிங்கைத் தடவிப் பார்த்திருக்கிறாரா இந்த மனுஷர்?

போனில் கேட்டேன். சிரிக்கிறார். "மேடம், கிரெடிட் பணம் இல்லாமலே நடந்திருக்கும்னா அதுக்குக் கிரெடிட் கிடையாது. அதான் விதி. முடியாதுன்னு சொன்னாத்தான் கிடைக்கும்."

விதி சரிதான். அதுதான் இன்னும் கடுப்பாக இருக்கிறது. நாங்கள் எப்படியும் குறைத்திருப்போம் என்னும்போது, அந்தக் குறைவை ஜப்பானுக்கு விற்றால் என்ன ஆகும்? அந்தக் காகிதத்தைக் காட்டி அவன் அங்கே அதே அளவு கூடுதலாகப் புகை விடுவான். இங்கே புதிதாக ஒன்றும் குறையவில்லை, அங்கே ஏறும். ஆறு சதவீதம் காகிதத்தில் மட்டும் நிற்கும்.

15 ஜூலை

பாய்க்கு யாரோ சொல்லிவிட்டார்கள். "நமக்கு வேல தெரியாதுன்னு எய்திகீறாங்களாமே?" என்று மட்டும் கேட்டார். டீ வாங்கித் தந்தேன், ஆறவிட்டுப் போய்விட்டார்.

22 ஜூலை

ராமசுப்பு சாரிடம் போய் நின்றேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"எனக்கு மட்டும் இனிக்குதா? ரெண்டாவது உலைக்கும் பாய்லர் வேணும்னு மூணு தடவை கேட்டுட்டேன். முதலாளி முடியாதுங்கிறார். இந்தப் பணம் வந்தா உடனே செய்யலாம்ங்கிறார். நாலு வரி பொய். அதுக்குப் பதிலா நிஜமான பாய்லர் ஒண்ணு. நீயே சொல்லு."

இரண்டாவது உலையின் சூடும் வானத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. சார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

28 ஜூலை

கன்சல்டன்டின் அறிக்கையைச் சரிபார்க்க டென்மார்க்கிலிருந்து ஆடிட்டர் வருகிறார். பாய்லர் மேல் எழுதியிருப்பதைப் பெயின்ட் அடித்து மறைக்க உத்தரவு. ரகுபதி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"பொண்ணு பேரு மேல பெயின்ட் அடிக்க மாட்டேன். எங்க ஊர்ல படகு ஒடைஞ்சாத்தான் பேர அயிப்பாங்க. இது ஓடிகினு கீது."

வேறு யாரும் பிரஷ்ஷைத் தொடவில்லை. கடைசியில் கன்சல்டன்டின் ஆள் 'பாதுகாப்பே முதன்மை' என்ற பலகையைக் கொண்டுவந்து, பெயரை விட்டுவிட்டு, வருடத்தின் மேல் மட்டும் மாட்டினான். எங்கள் ஃபேக்டரியிலேயே ஒன்றை மறைப்பதற்காக மாட்டிய ஒரே பாதுகாப்புப் பலகை அதுதான். சிரிப்பு வருகிறது, கூடவே அழுகையும்.

2 ஆகஸ்ட்

செஞ்சிட்டேன். இன்னா ஆவப்போவுதோ தெர்ல.

ஒழுங்காக எழுதுகிறேன்.

ஆடிட்டர் பெயர் யென்ஸ். ஒல்லியான ஆள், வெயிலில் சிவந்துபோயிருந்தார். பாய்லர் மேடை ஏறியதும் ஹுமாயூன் பாயிடம் கேட்கும்படி என்னிடம் சொன்னார்: இதை ஓட்டக் கஷ்டமாக இருந்ததா, உங்களுக்குப் பழக்கம் இல்லாத வேலையா?

தமிழில் சொன்னேன். பாய் என்னைப் பார்த்தார். யென்ஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான். இருபத்தைந்து வருட அனுபவம். 'ஆமா, தெரியாது' என்று தன் வாயால் சொல்ல வேண்டும், சொன்னால் என் வேலையும் தப்பும், சார் கேட்ட இரண்டாவது பாய்லரும் வரும். மனுஷர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்.

என்னால் முடியவில்லை.

பலகையை நானே கழற்றிக் கீழே வைத்தேன். எழுதியிருந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். ஆயுத பூஜை என்றால் என்ன, ஏன் அந்த நாளைக் குறிக்கிறோம் என்று சொன்னேன். "கியோட்டோ அமலுக்கு வருவதற்கு முன்பே கட்டினோம். இந்தப் பணத்தை நம்பிக் கட்டவில்லை. எங்களுக்குத் தெரியும் என்பதால் கட்டினோம். கட்டியவர் இவர்" என்றேன்.

யென்ஸ் வெல்டிங்கைக் குனிந்து பார்த்தார். "ரொம்ப நல்ல வேலை" என்றார். பிறகு மெதுவாக, "இதனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார். தெரியும் என்றேன்.

பாய் அப்புறம் என்ன பேசினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேஜாரு புட்ச்ச பொண்ணும்மா நீ" என்றார். இந்தப் பட்டத்தை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வேன்.

3 ஆகஸ்ட்

சார் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "உனக்கு உன் பெருமை பெருசு. ரெண்டாவது உலை போச்சு" என்றார். நாளையிலிருந்து பேக்கிங் பிரிவு. அட்டைப்பெட்டி.

வீட்டில் நைனாவிடம் சொன்னேன். பெரம்பூர் கோச் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், அதிகம் பேசமாட்டார். "வேல தெரியாதுன்னு நீ கையெய்த்து போட்டுக்கினு வந்திருந்தா, உன்ன வூட்டுக்குள்ள உட்டிருக்க மாட்டேன்" என்றார். உடனே அம்மா, "ஆமா, இந்த வூடு உன்னுதா? என்னுது" என்றாள். அதற்குப் பிறகு கொஞ்சம் சாப்பிட முடிந்தது.

20 செப்டம்பர்

சினேகாவுக்குக் கிரெடிட் கிடையாது. எழுத்தில் வந்துவிட்டது.

11 பிப்ரவரி 2007

பேக்கிங்கில் ஒரு நன்மை, உலைச் சூடு இல்லை. மற்றபடி ஒன்றுமில்லை.

ஹுமாயூன் பாய் இரண்டாவது உலையில் தானே ஒரு சோதனை செய்து பார்க்கிறார். ஸ்டோர்ஸில் கிடந்த பழைய குழாய்களை வைத்து சூட்டைப் பிடிக்க ஒரு சின்னக் கட்டு செய்து சிம்னிப் பாதையில் இறக்கியிருக்கிறார். சார் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறாராம்.

9 மார்ச்

குழாய்கள் அடைத்துக்கொண்டன. இரண்டாவது உலையில் பச்சைக் கண்ணாடி உருக்குகிறோம். அதன் புகையில் வரும் தூசு, குழாய் மேல் சிமென்ட் மாதிரி படிகிறது. பாய் சுத்தம் செய்து மறுபடியும் இறக்கினார். மறுபடியும் அடைப்பு. சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"முடியலம்மா. தூச ஊதித் தள்ற மெசினு ஒண்ணு கீதாம், ஜெர்மன்லருந்து வரணும். அது இல்லாம ஆவாது."

அவர் வாயிலிருந்து 'முடியல' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை.

16 மார்ச்

சார் பேக்கிங் பிரிவுக்கே வந்தார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"முதலாளி ஜெர்மன் மெஷினுக்குப் பணம் தரமாட்டேன்னு எழுதியே கொடுத்துட்டார். இந்தத் தடவை நிஜமாவே நம்மால முடியல. ரெண்டாவது உலைக்குக் கிரெடிட் கேட்டு அதை இருக்கிறபடி எழுத நீதான் சரி. மும்பைக்காரர் வேண்டாம்."

நாளையே மேலே ஆபீசுக்கு வருகிறேன் என்றேன். "இப்பவே வா" என்றார். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை, அவர் அப்படித்தான்.

2 ஏப்ரல்

பாயிடம் எழுதியதைப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை முயன்றோம், தோற்றோம், கருவியும் பணமும் இல்லாமல் இது நடக்காது. எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று பயந்தேன்.

"எய்து. தோத்தோம்னே எய்து. நெஜம்தானே? ஆனா ரெண்டு தபா எறக்குனோம்னு பெருசா போடு."

பெரிதாகப் போட்டேன்.

17 ஜூலை

இந்த முறை அனுமதி, வங்கி, ஜப்பான் ஒப்பந்தம் எல்லாம் முடியும்வரை ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது, பூஜைகூடப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ரகுபதிக்கு வருத்தம். ஆடியில் எவன் பூஜை போடுவான் என்று சமாதானம் சொன்னேன்.

5 மார்ச் 2008

இரண்டாவது பாய்லர் திட்டம் பதிவாகிவிட்டது! ஐ.நா. இணையதளத்தில் எங்கள் ஃபேக்டரி! கம்ப்யூட்டர் முன்னால் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு நின்றோம். பாய், "இதுல என் பேரு எங்க?" என்றார். 'அனுபவம் மிக்க ஃபோர்மேனின் தலைமையில் இரண்டு சோதனைகள்' என்ற வரியைக் காட்டினேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாது, ஆனாலும் வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜப்பானின் ஆறு சதவீதத்தில் ஒரு துளி எங்கள் திருவொற்றியூர் உலையிலிருந்து போகும். பொய்யில்லாத துளி. இதற்கு யாரும் எனக்குப் பரிசு தரவேண்டாம், நானே தந்துகொள்கிறேன். இரண்டு தட்டு மட்டன் சுக்கா வாங்கினேன்.

30 நவம்பர் 2008

இரண்டாவது பாய்லர் ஓடுகிறது. எழுத நேரமில்லை.

26 ஜனவரி 2009

குடியரசு தினக் கொடியேற்றத்துக்கு அம்மாவையும் நைனாவையும் கூட்டிப்போனேன். கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டேன். செக்யூரிட்டி ரூம் சுவரில் புதிதாக, பளிச்சென்று எழுதியிருந்தது.

'இரண்டாம் உலை: நாம் குறைத்த கரியமில வாயு ஜப்பானுக்கு விற்கப்பட்டது.'

அதன் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில்:

'முதல் உலை: நாம் குறைத்த கரியமில வாயு விற்பனைக்கு அல்ல.'

யார் இந்த வேலையைச் செய்யச் சொன்னது என்று ரகுபதியிடம் கேட்டேன். கண்ணால் ஜி.எம். அறையைக் காட்டினார். "ரெண்டாவது வரிய பெருசா போடுன்னு அவரேதான் சொன்னாரு. சாக்பீஸ்ல எய்திக் காட்டினாரு."

கொடி ஏற்றி முடித்ததும் யூனியன் செயலாளர் சும்மா இருக்காமல், "விக்காத சரக்க எதுக்கு சார் செவுத்துல எய்தணும்?" என்று கேட்டுவிட்டார். ராமசுப்பு சார் தன் கையிலிருந்த மிட்டாய்த் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அது நம்மளே செஞ்சது. அதான்."

அம்மா எழுத்துக் கூட்டி அதை முழுக்கப் படித்தாள். பிறகு சாரிடமே போய், "இந்தப் பொண்ணுதான் எம் பொண்ணு" என்றாள்.

"தெரியும்மா" என்றார் சார்.

தட்டை அம்மா பக்கம் நீட்டினார். அம்மா ஒரு கை அள்ளினாள்.