நோட்டில் இல்லாத எட்டு மணி

என் பிரியத்துக்குரிய அருளப்பன் சார்,

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நடுவில் அவளாக எதையும் சேர்த்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு பத்தியையும் இரண்டு முறை படிக்கச் சொல்கிறேன். கோபித்துக்கொள்கிறாள். கொள்ளட்டும்.

நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பர்வீன் மேடம் போன வாரம் மந்தைவெளியில் என் வீடு தேடி வந்தார். கையில் உங்கள் பழைய நோட்டு. வேலையை விட்டுப் போன லேப் அட்டெண்டரை ஒரு காலேஜ் கெமிஸ்ட்ரி துறைத் தலைவி சும்மா தேடி வருவாரா? காபியைக் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, பென்சாயின் படிகம் வரவே மாட்டேங்குது. சார் எழுதினபடியேதான் நாலு தடவை செஞ்சோம். வெறும் எண்ணெய்தான் நிக்குது. சார் எழுதுனது நிஜமான்னு டிபார்ட்மெண்டுல கேக்குறாங்க."

"யாரு கேக்குறது? அவங்களா, நீங்களா?"

இந்த முறையும் வராவிட்டால் திங்கட்கிழமை முதல் மறுபடி பழைய சயனைடு முறைக்கே போய்விடலாம் என்று பேச்சாம். அந்த விஷ பாட்டிலை ஒழிக்க எவ்வளவு பாடுபட்டீர்கள்! படிக்கத் தெரியாதவன் கழுவுகிற கண்ணாடியில் விஷம் ஒட்டியிருக்கக் கூடாது என்று பிரின்சிபாலிடம் நீங்கள் சண்டை போட்டதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டவன் நான்.

ஆனால் அன்றைக்கு உங்களையும் நான் நம்பவில்லை, சார். விஷம் செய்த வேலையை பி1 வைட்டமின் செய்யும் என்றீர்கள்.

"இன்னா சார், சத்து மருந்துலயா?"

"யோவ் ஏகாம்பரம், காரம் ஊத்துனா அது கார்பீனா மாறிடும்யா. கார்பனுக்கு நாலு கை. இவன் ரெண்டு கையைத்தான் குடுத்திருக்கான். மிச்சத்தை வெச்சிக்கினு சும்மா இருப்பானா? பாதாம் வாசனை எண்ணெய் கீதே, அதுல ஒருத்தனைப் புடிச்சு இன்னொருத்தனோட சேத்துட்டு, கழண்டுக்குவான்."

வேலையை முடித்துவிட்டுச் சுவடில்லாமல் கழன்றுகொள்கிறவனை எப்படி நம்புவது என்றேன். இரண்டு நாள் கழித்து வெள்ளை வெளேரென்று படிகம் இறங்கியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மேடம் வந்துபோன மறுநாள் அடையாறில் நம் காலேஜுக்கு பஸ் ஏறினேன். ஸ்டூலில் உட்கார்ந்து மேடம் செய்வதைப் பார்த்தேன். எங்கே தப்பு செய்கிறார், தெரிந்தே செய்கிறாரா என்று கண்கொட்டாமல் பார்த்தேன். பி1 சரியான சரக்கு, நாற்றமே சொன்னது. ஐஸில் வைத்துத்தான் காரத்தைச் சொட்டவிட்டார். பிறகு பென்சால்டிஹைடு பாட்டிலை எடுத்தார். உங்கள் பாதாம் எண்ணெய்தான். அதன் வாயைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளை படிந்திருந்தது.

"இத்த காய்ச்சி வடிச்சீங்களா மேடம்?"

"புது பாட்டில்தாண்ணே. போன மாசம் தொறந்தது."

"காத்து பட்டா புளிச்சிரும் மேடம். காலையில வடிச்சாதான் அன்னிக்கு வேலைக்கு ஆவும்."

"நோட்டுல அப்படி எதுவுமே இல்லையே!"

படிக்கச் சொல்லிக் கேட்டேன். எடை, அளவு, நேரம், எல்லாம் இருந்தது. நீங்கள் ஒன்பதரைக்கு வருவீர்கள். நான் எட்டு மணிக்கே வந்து வடித்து உங்கள் மேஜையில் வைத்திருப்பேன். உங்கள் நோட்டு ஒன்பதரைக்குத்தான் ஆரம்பிக்கிறது.

அன்றைக்கே வடித்துக் கொடுத்தேன். மேடம் தலையில் அடித்துக்கொண்டார். காற்றில் உண்டான அமிலம் காரத்தைத் தின்றுவிட்டால் கார்பீன் எங்கிருந்து பிறக்கும் என்றார். சனிக்கிழமை படிகம் விழுந்தது. சயனைடு வராது. உங்கள் பேர் மேல் விழுந்த சந்தேகமும் போயிற்று.

என் சந்தேகம்தான் போகவில்லை. ஏன் சார் எழுதவில்லை? ஏகாம்பரம் எப்போதும் இருப்பான் என்று நினைத்தீர்களா? இல்லை, மேஜையில் இருந்தது தானாக வந்தது என்றா?

மேடம் அந்தப் பக்கத்தின் மேல் ஓரத்தில் பேனாவால் என்னவோ எழுதினார். காலை வேலையையும் என் பேரையும் எழுதியதாகச் சொன்னார். சொன்னால் போதுமா? போனில் படம் எடுத்து வந்து தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரிடம் காட்டினேன். எழுதித்தான் இருக்கிறதாம். உங்கள் கையெழுத்துக்கு மேலே.

நானும் அங்கே வரப்போகிறவன்தான். வந்ததும் சுகமா என்று கேட்க மாட்டேன். முதல் பேச்சே இந்தக் கேள்விதான், சத்தியம். அதுவரை நல்ல பதிலாக யோசித்து வையுங்கள்.

ஒன்பதரைக்கு முன்னால் வந்துவிடுகிற உங்கள் தம்பி,
ஏகாம்பரம்