ராஜி, உன் வண்டி இப்போது வளைகிறது

என் ராஜிக்கு,

ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருக்கிறது. சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவினாலும் கையில் கிரீஸ் வாசம் போகவில்லை. உன் புல்லட் வளைகிறது ராஜி! பூட்டுப் போட்ட மாதிரி நேராகவே நிற்கும் அதே ஹேண்டில், இப்போது விரல் பட்டாலே திரும்புகிறது.

அதற்கு முன்னால் ஒரு சேதி. நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன். சிரிக்காதே. நீ போன பிறகு இரண்டு குறுவை அறுத்தாயிற்று. முதல் அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த நம் வயலிலேயே பழகினேன். உன் தங்கச்சி வசந்தா வரப்பில் நின்றுகொண்டு, "அத்தான், கிளட்ச்சு! கிளட்ச்சு!" என்று கத்துவாள். அவளுக்கும் ஓட்டத் தெரியாது என்பது வேறு விஷயம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ராஜி கால்நடை ஆய்வாளராக இருந்தவள். திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றி எந்த ஊரில் மாடு படுத்தாலும் இந்தப் பழைய புல்லட்டில்தான் போவாள். விதை தெளித்து முடித்த நாட்களில் நானும் தடுப்பூசி ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போவேன். ஊரில் சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

அந்த வண்டியின் கழுத்தில் கோளாறு இருந்தது உனக்குத் தெரியும். ஹேண்டில் நேராக வந்ததும் 'டக்' என்று ஒரு குழியில் விழுந்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். "இதுக்கு நேராப் போறது மட்டும்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே தோள் பலத்தால் வளைத்துவிடுவாய். எனக்கு அந்தத் தோள் ஏது?

போன மாதம் வாய்க்கால் வளைவில் திருப்பினேன், திரும்பவில்லை. வண்டியும் நானும் பக்கத்துக் கொல்லை நாற்றங்காலுக்குள் போய் விழுந்தோம். முழங்கைத் தோல் பெயர்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை. ஆனால் வசந்தா அன்றே கயலுக்கு போன் போட்டுவிட்டாள்.

நம் பெண் சென்னையிலிருந்து கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகப் பேசினாள். "அப்பா, அம்மா இல்ல. நீங்களும் இல்லன்னா நான் லீவுக்கு எங்க வருவேன், சொல்லுங்க? பூஜை லீவுக்கு வர்றேன். அதுக்குள்ள வண்டிய யாருக்காவது குடுத்துடுங்க."

"நீயே வந்து ஓட்டிப் பாரும்மா. அப்பவும் சரியில்லன்னா குடுத்துடறேன்" என்றேன். உன்னிடம் ஓட்டக் கற்றவள் அவள். அவள் கையை ஏமாற்ற முடியாது. அது தெரிந்துதான் வாக்குக் கொடுத்தேன்.

மறுநாளே தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை யூசுப் பாயை நினைவிருக்கிறதா? உன் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "டாக்டரம்மா வண்டியாண்ணே?" என்றவர், கோளாறைக் கேட்டதும் தலையாட்டினார். "கழுத்துக்குள்ள இருக்கிற கோன்செட் பேரிங் போச்சு. உருண்டையெல்லாம் கிண்ணத்துல குழி போட்டிருக்கும். திரும்பவும் உருண்டையே போட்டீங்கன்னா திரும்பவும் குழி விழும். டேப்பர் ரோலர் போட்டுருங்க. ஆனா ஒண்ணு, கிண்ணம் அடி வரைக்கும் உக்காரணும். இல்லன்னா ஆட்டம் வந்துரும்."

டேப்பர் ரோலர் எனக்குப் புதிதா? நம் டிராக்டர் முன்சக்கரத்தில் எத்தனை முறை மாட்டியிருக்கிறேன்! உருண்டை ஒரு புள்ளியில்தான் தொடும். இந்த உருளைகள் சாய்வாக அடுக்கி இருப்பதால் தங்கள் நீளம் முழுக்கத் தாங்கும். அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, வழியிலேயே இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. அவ்வளவு அவசரம்.

முன்சக்கரம், விளக்கு, ஹேண்டில் எல்லாம் கழற்றி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக்கால் ஃபோர்க்கை இறக்கினேன். பழைய உருண்டைகள் பொலபொலவென்று கொட்டி வாசல் முழுக்க ஓடின. கிண்ணத்தை வெளியே தட்டி எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். வரிசையாகக் குழிகள் ராஜி, பணியாரக் கல் மாதிரி. இதை வைத்துக்கொண்டா இத்தனை ஊர் சுற்றினாய்?

புதுக் கிண்ணங்களைக் குளிர வைத்தால் கொஞ்சம் சுருங்கும், உள்ளே இறங்க வசதி. அடியில் வரும் பேரிங்கைச் சூடு பண்ணினால் விரியும், ஃபோர்க் தண்டில் தானாக இறங்கும். அதனால் ஒன்று ஃபிரீசரில், ஒன்று அடுப்பில் பழைய வாணலி எண்ணெயில். வசந்தா இடுப்பில் கை வைத்து நின்றாள். "மீன் வைக்கிற இடத்துல இரும்பு, வடை சுடுற வாணலியில இரும்பு. அக்கா இருந்தா என்ன சொல்லியிருக்கும் அத்தான்?"

"சீக்கிரம் கொண்டான்னு சொல்லியிருப்பா" என்றேன். சரிதானே?

எல்லாம் மாட்டி, மாரியம்மன் கோயில் வரைக்கும் ஓட்டினேன். திரும்பி வரும்போது வேகத்தடையில் பிரேக் பிடித்தேன். கழுத்தில் 'டொக்'. இன்னொரு முறை பிடித்தேன். 'டொக்'. நட்டை இறுக்கினால் ஒரு பக்கம் இறுகுகிறது, விட்டால் ஆடுகிறது. கயல் வரும் நாளும் நெருங்கிவிட்டது.

வசந்தா அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஃபோர்க்கைப் பிடித்துக்கொண்டாள். "கழட்டுங்க. உக்காந்து யோசிச்சா ஆவுமா?"

கழற்றினோம். கீழ்க் கிண்ணத்தைத் தட்டி எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அது உட்கார வேண்டிய திட்டில் ஒரு ஓரமாகத் துரு, சுண்ணாம்புப் பற்று மாதிரி கெட்டியாக. கிண்ணம் அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. யூசுப் பாய் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தவன், அந்த இடத்தைத் தடவிப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். என் அவசரம் உனக்குத் தெரியாததா?

சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, விரலால் சுற்றிலும் தடவி, திரும்பவும் ஃபிரீசர், திரும்பவும் சுத்தியல். புதுக் கிண்ணத்தில் அடி நேராகப் படாதபடி, பழையதை அதன் மேல் வைத்து அடித்தேன். 'தொம், தொம்' என்றுதான் கேட்டது. இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு அடி. 'ணங்!' கோயில் மணியில் பட்ட மாதிரி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தோம்.

"உக்காந்துடுச்சு அத்தான்!" என்று வசந்தா கத்தினாள். முதல் தடவை இந்தச் சத்தம் வரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினோம். நட்டை இறுக்கி, ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஆட்டம் போகிற அளவுக்கு மட்டும் இறுக்கினேன். விரலால் லேசாகத் தள்ளினேன். தூக்கம் வந்த குழந்தை தலை சாய்க்கிற மாதிரி ஹேண்டில் தானாக ஒரு பக்கம் போய்ச் சாய்ந்தது. அந்தப் பக்கமும் அப்படியே. ராஜி, நான் கை தட்டினேன். இந்த வயதில்!

கயல் வந்தாள். காபிகூடக் குடிக்கவில்லை, சாவியைக் கேட்டாள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். நீ செய்கிற மாதிரியே. உதைத்தாள், கிளம்பினாள். நானும் வசந்தாவும் வாசலிலேயே நின்றோம். சத்தம் ஆற்றங்கரைப் பக்கம் போய்க் கரைந்தது. வரவில்லை. வரவே இல்லை. வசந்தா என் முகத்தைப் பார்க்காமல் கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கேட்டது. வாய்க்கால் வளைவில், நான் விழுந்த அதே இடத்தில், வண்டி வாழை இலை சரிகிற மாதிரி சரிந்து நிமிர்ந்தது. வந்து நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண் ஈரமாக இருந்தது, வாய் சிரித்தது.

"அம்மாவுக்கு இப்படி ஒரு நாளாவது கிடைச்சிருக்கணும்பா" என்றாள். "அப்ப, வச்சுக்கலாமா?" என்று கேட்டேன்.

அவள் சாவியை என் கையில் வைத்துவிட்டு, ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "ஓட்டுங்க. எனக்குப் பசிக்குது. கடைத்தெருவுல பரோட்டா வாங்கித் தாங்க."

என் தோளில் அவள் கை. உன் பெண்ணின் கனம் பின்னால் இருக்க, நான் அந்த வளைவில் திரும்பினேன். ஹேண்டிலைத் திருப்பியதாகவே தெரியவில்லை. நீ எங்கிருந்தாவது பார்த்தாயா?

பொங்கலுக்கு வந்தால் நாகூர் வரைக்கும் போக வேண்டும், கடல் பார்க்க வேண்டும் என்கிறாள். புது பேரிங் கொஞ்சம் ஓடியதும் இன்னும் அழுந்தி உட்காரும், நட்டு தளரும். நான் அவசரப்பட மாட்டேன். கிளம்புவதற்கு முன்னால் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஆட்டம் பார்த்து, தேவைப்பட்டால் இறுக்கி, அப்புறம்தான் அவளை ஏற்றுவேன். பத்திரமாகக் கூட்டிப் போய், பத்திரமாகக் கூட்டி வருவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
கயலுக்கு அப்பா