காலை ஏழு மணி அழைப்பை நிறுத்தியது குறித்து

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தட்டச்சர்,
நான்காம் தொகுதி, இரண்டாம் மாடி, வீட்டு எண் 14.

பெறுநர்:
நிர்வாக அலுவலர் அவர்கள்,
குடியிருப்பு வாரிய அலுவலகம்.

பொருள்: வாரியத்தின் லினக்ஸ் சர்வரில் ‘தேவையில்லை’ என நிறுத்தப்பட்ட அழைப்புச் சேவையை மீண்டும் இயக்கக் கோருதல், எனது ஜனவரி மாத மனுவைத் திரும்பப் பெறுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இத்தொகுதியில் தனியாக வசிக்கும் முதியோர் இருபத்து மூன்று பேர். கணவர் காலமானபின் நானும் அவர்களில் ஒருத்தி. தினமும் காலை ஏழு மணிக்கு வாரியத்தின் சர்வர் எங்கள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைக்கும். எடுத்து எண் ஒன்றை அழுத்தினால் போதும். மூன்று முறை எடுக்காவிட்டால் அண்டை வீட்டாருக்கு அழைப்பு போகும். இதைச் செய்வது பின்னணியில் ஓசையின்றி ஓடும் ஒரு சிறு சேவை.

2. மார்ச் 2, திங்களன்று தங்கள் ஒப்பந்தத் தொழில்நுட்பர் சர்வரைச் சுத்தம் செய்தார். ஓடிக்கொண்டிருந்த சேவைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘தேவை’, ‘தேவையில்லை’ என்று குறித்தார். எங்கள் சேவை இரண்டாவது வகையில் விழுந்தது. சர்வர் மறுபடி தொடங்கினாலும் எழாதபடி முடக்கப்பட்டது.

3. காரணம் கேட்க நேரில் சென்றேன். மரியாதையாகவே பேசினார். “பாட்டிம்மா, அது சும்மா ஓடிக்கிட்டிருந்துச்சு. தொண்ணூறு நாளா லாக்ல ஒரு வரி கூட இல்ல, யாரும் உள்ள போய்ப் பார்க்கவும் இல்ல. நீங்களே வேண்டாம்னு எழுதியிருக்கீங்களே!” என்று என் மனுவை எடுத்து என் முன்னே வைத்தார். பாட்டிம்மா என்றதை இங்கே குறையாகச் சேர்க்கவில்லை.

4. அந்த லாக் என்னும் பதிவுக் கோப்பில், யாராவது எடுக்காதபோது மட்டுமே ஒரு வரி விழும். தொண்ணூறு நாள் காலியாக இருந்தது என்றால், தொண்ணூறு நாளும் இருபத்து மூன்று பேரும் நலமாக எழுந்தோம் என்று பொருள். அதே கோப்புறையில் எங்கள் பெயர்ப்பட்டியல் இருந்தது. அதை அவர் திறக்கவில்லை. நான் படித்த கான்வென்ட்டில், வருகைப் பதிவின்போது ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் கன்னியாஸ்திரீ அடுத்த பெயருக்குப் போகமாட்டார். முதலில் ஆள் அனுப்பித் தேடுவார்.

5. என் மனுவைப் பற்றி. உயிரோடிருக்கிறேனா என்று ஓர் இயந்திரம் தினமும் விசாரிப்பது எனக்கு அவமானமாக இருந்தது. என் எண்ணை மட்டும் நீக்குமாறு எழுதினேன். சேவையையே நிறுத்தச் சொல்லவில்லை. ஆயினும், மூன்றாம் தேதி தொலைபேசி ஒலிக்காதபோது, என் சொல்லுக்குக் கடைசியில் மதிப்புக் கிடைத்தது என்று மகிழ்ந்தேன். பிறருக்கு ஒலித்ததா என்று கேட்கவில்லை.

6. ஐந்தாம் தேதி, வியாழன் காலை ஆறரைக்கு, என் வீட்டுக்கு நேர் மேலே வசிக்கும் தையற்காரர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். அவருக்கான அண்டை வீட்டு எண் என்னுடையது. அழைப்பு வரவில்லை, ஆகவே அவர் நலம் என்றிருந்தேன். வெள்ளியன்று காலை என் கூரையில் தண்ணீர் ஒழுகியது. அவரைக் கண்டிக்கத்தான் மாடி ஏறினேன். அதற்குள் இருபத்தாறு மணி நேரம் கடந்திருந்தது.

7. மருத்துவமனையில் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “போன் அடிக்கும், நான் எடுக்கலன்னா அக்காவுக்குப் போயிடும்னு எண்ணிக்கிட்டே கிடந்தேன். ஏழு ஆச்சு, எட்டு ஆச்சு. அக்கா வெளியூர் போயிட்டாங்க போலன்னு நினைச்சேன்.” நான் வெளியூர் போகவில்லை. பத்தடிக்குக் கீழே செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தேன்.

8. அன்றுமுதல் அந்தச் சேவையின் வேலையை நானே பார்க்கிறேன். காலையில் இருபத்தொரு கதவுகளைத் தட்டுகிறேன். நான்கு மாடிகள், லிஃப்ட் இல்லை, எனக்கு வயது எழுபத்தெட்டு. முதல் மாடியிலுள்ள ஓட்டுநரின் விதவை, “உங்களுக்குத் தூக்கமே கிடையாதா?” என்று ஏசுகிறார். கிடையாதுதான். நான்கு மணிக்கே விழித்து, ஏழு ஆகும்வரை கூடத்தில் நடக்கிறேன். கடைசிக் கதவைத் தட்டும்போதே முதல் கதவுக்காரர் என்ன ஆனாரோ என்று தோன்றுகிறது. இறங்கிப்போய் மறுபடி தட்டுகிறேன்.

9. ஆகவே வேண்டுவது: அழைப்புச் சேவையை உடனே தொடங்கி, சர்வர் மறுபடி தொடங்கும்போதெல்லாம் தானாக எழும்படி அமைக்க வேண்டும். இனி எந்தச் சேவையையும் நிறுத்துமுன், அது யாருக்காக ஓடுகிறது என்று பார்த்து, அவர்களில் ஒருவரையாவது கேட்க வேண்டும். கேட்ட பிறகும் முதலில் ஒரு வாரம் மட்டுமே நிறுத்திப் பார்க்கலாம். அந்த ஒரு வாரமும் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

10. தையற்காரர் 20-ஆம் தேதி, வெள்ளி மாலை தனியாக வீடு திரும்புகிறார். சனிக்கிழமை ஏழு மணிக்கு அவருடைய தொலைபேசி ஒலிக்க வேண்டும். அதற்குமேல் தாமதிக்க எனக்குத் தைரியம் இல்லை.

என் ஜனவரி மனுவை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். என் எண் பட்டியலில் இருக்கட்டும். முதல் மணியிலேயே எடுப்பேன்.

நடவடிக்கையை எதிர்நோக்கி, விழித்திருக்கும்,
(ஒப்பம்)
வீட்டு எண் 14

இடம்: நான்காம் தொகுதி
நாள்: மார்ச் 16, காலை 9.10 (இன்று இருபத்தொரு கதவும் திறந்தன)