இன்னும் சொல்லி முடிக்கவில்லை

பிப்ரவரி 9, திங்கள்

மாலை வகுப்பில் இன்று என் வாய் பாதியில் நின்றுவிட்டது. வாய் என்றால் மடிக்கணினி. குரல்வளையை எடுத்துவிட்ட இந்த இரண்டு வருடமாக அதுதான் என் வாய். நான் தட்டுவேன், அது பேசும்.

வீட்டு வயரிங் பாடம். பலகையில் மாட்டிய ஒயர்களைக் காட்டி, "டெஸ்டர் வைத்துப் பார்க்காமலே நியூட்ரலைத் தொடலாம் என்று" என்றது. அதோடு சரி. திரையில் காத்திருக்கச் சொல்லும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முன் பெஞ்சில் உட்காரும் டாக்சிக்காரர், பகலெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வந்து எலக்ட்ரீஷியன் லைசென்ஸுக்குப் படிப்பவர், எழுந்து வந்து ஒயர் பக்கம் கையை நீட்டி, "தொடலாமா சார்?" என்று கேட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து மீதி வந்தது. "நினைப்பவன் முட்டாள்."

வகுப்பே உருண்டு சிரித்தது. அவரும் சிரித்தார். நானும் தோளைக் குலுக்கினேன், சிரிப்புக்கு இப்போது சத்தம் இல்லையே. ஆனால் இதற்கு முன் கணினி இப்படிச் செய்ததில்லை.

பிப்ரவரி 11, புதன்

இன்றைக்கு உள்ளே இருக்கும் விசிறியின் இரைச்சல். பேசுவதைவிடச் சத்தமாக இரைகிறது. ஓய்வறையில் யாரோ, மாவு மில் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி சொன்னாள், "உங்க சின்ன வீட்டுக்கு மூச்சு வாங்குது, பாத்துக்குங்க." இந்தக் கணினிக்கு அவள் வைத்த பேர் சின்ன வீடு. எந்நேரமும் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேனாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, கணினியைப் பிரித்துப் போட்டேன். மோட்டாருக்குக் காயில் கட்டிய கைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? விசிறிக்குள் தூசி கம்பளி போல் அடைத்திருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் பெண்டாட்டி இருப்பதில் இது ஒரு லாபம், வீட்டில் ஸ்பிரிட்டுக்கும் பஞ்சுக்கும் குறைவில்லை. துடைத்து, மூடி, போட்டேன். சத்தமே இல்லை.

"நான் இன்னும் சாகவில்லை" என்று தட்டினேன். கணீரென்று சொன்னது. அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டாள். கணினியைத்தானே சொன்னேன்?

பிப்ரவரி 20, வெள்ளி

'க' விசை செத்துவிட்டது. 'க' இல்லாமல் மின்சாரப் பாடம் நடத்த முடியுமா? 'கரண்ட்' எங்கே, 'கம்பி' எங்கே, 'கவனம்' எங்கே? கடைசியில் வேறொரு விசைப்பலகையை வாங்கி முன்னால் மாட்டிவிட்டேன். பார்க்க ஹார்மோனியம் வாசிக்கிறவன் மாதிரி இருக்கிறேனாம். இருக்கட்டும்.

பிப்ரவரி 26, வியாழன்

நிர்வாகி அறைக்குக் கூப்பிட்டார். இந்தத் தொழிற்பள்ளியை நடத்துகிறவர், என்னைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். அதுதான் கஷ்டம். அடுத்த மாதம் லைசென்ஸ் வாரியத்திலிருந்து வந்து ஒவ்வொரு வகுப்பிலும் உட்கார்ந்து பார்ப்பார்களாம். மின்சாரப் பாடத்தில் ஒரு எச்சரிக்கை பாதியில் நின்றால் யார் பொறுப்பு என்று கேட்டார். டாக்சிக்காரர் கதை அவர் வரை போயிருக்கிறது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஸ்டோர் ரூமைப் பாத்துக்குங்க சார். அங்க யாரோடயும் பேச வேண்டியதில்ல" என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதனால்தான் எரிந்தது.

மளமளவென்று தட்டினேன். வட்டம் சுற்றியது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே யாரோ கூப்பிட்டார்கள், "யோசிச்சு வைங்க சார்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். காலி நாற்காலியைப் பார்த்து என் கணினி பேசியது: "என் பாடத்தை நான்தான் நடத்துவேன். முடியாது என்றால் எழுத்தில் கொடுங்கள்."

நல்ல பதில். கேட்க ஆள் இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

வகுப்பில் திரை நீலமாகிப் போனது, இரண்டு தடவை. விரல் தேய்க்கும் சதுரமும் மேடாகத் தூக்கிக்கொண்டு வருகிறது. வேறு வழியில்லாமல் கடைக்குக் கொண்டு போனேன்.

பழுது பார்ப்பவர் திறந்த வேகத்தில் பின்வாங்கினார். பேட்டரி உப்பியிருந்தது. "இதையா சார் மடியில வெச்சுக்கிட்டு இருந்தீங்க?" என்றார். கழற்றி ஒரு மணல் வாளியில் போட்டார். இனிமேல் சுவரில் செருகினால்தான் உயிர். பிறகு என்னைக் குனிந்து கேட்கச் சொன்னார். உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம். எல்லாம் பதிந்திருக்கும் வட்டு, ஹார்ட் டிஸ்க், போகப் போகிறதாம். நாளையோ, அடுத்த மாதமோ.

நான் தட்டி வைத்திருக்கும் வாக்கியங்கள், பாடங்கள் எல்லாவற்றையும் அங்கேயே நகல் எடுத்துக் கொடுத்தார். குரல்? அந்தக் குரலைச் செய்த கம்பெனியை மூடி எத்தனையோ வருடம். புதுக் கணினியில் ஏற்றினால் அவர்களிடம் அனுமதி கேட்கும், கொடுக்க அங்கே யாரும் இல்லை.

"பேசினது எல்லாம் உங்ககிட்ட பத்திரமா இருக்கும் சார். பேசறவரைத்தான் காப்பாத்த முடியாது."

மனுஷன் கணினியைத்தான் சொன்னார்.

மார்ச் 4, புதன்

சண்டை.

சாப்பிடும்போது ஆரம்பித்தாள். அலமாரியில் கிடக்கும் அந்தக் கருவியை எடுக்கச் சொல்கிறாள் — கழுத்தில் அழுத்திக்கொண்டு உதட்டை அசைத்தால் ஙொய்யென்று பேசுமே, அது. ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஒரே ஒரு தடவை வெளியே கொண்டு போனேன். மருந்துக் கடையில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். ஷேவிங் மிஷின் பேசுவது போல் இருந்தது எனக்கே. பயிற்சிக்குப் போவதையும் அன்றோடு நிறுத்திவிட்டேன்.

முடியாது என்றேன். ஏன் என்றாள். நான் தட்ட ஆரம்பித்தேன், நீளமாக. அது பேச ஆரம்பித்தது. இவள் எட்டி வந்து மூடியைச் சாத்திவிட்டாள்.

என் வாயைப் பொத்தினாள். அப்படித்தான் இருந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். வேறு என்ன செய்ய, கத்தவா முடியும்?

மூடியை அவளே திறந்து வைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள், "எனக்கு அந்தக் குரல் பிடிக்கலங்க. நல்ல குரல்தான். ஆனா அது நீங்க இல்ல. ரெண்டு வருஷமா யாரோ ஒரு ஆம்பளையோட குடும்பம் நடத்தற மாதிரி இருக்கு."

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஆம்பளைதானே கேட்டிருப்பான்.

மார்ச் 5, வியாழன்

வீம்பு என்கிறாள். ஆமாம், வீம்புதான். என்னிடம் வேறு என்ன மிச்சம் இருக்கிறது?

மார்ச் 10, செவ்வாய்

இப்போதெல்லாம் போட்டவுடன் அது தேதியை மறந்துவிடுகிறது. ஏதோ பழைய வருடத்தைக் காட்டுகிறது. அந்த வருடம் நான் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தேன். திரையில் குறுக்கே கோடுகள் வேறு.

கைபேசியில் இருக்கும் குரலைப் போட்டுப் பார்த்தேன். ஒரு சின்னப் பெண் கொஞ்சிக் கொஞ்சி, "ஷார்ட் சர்க்யூட் ஆனால் என்ன ஆகும் தெரியுமா?" என்கிறாள். ஆம்பளைக் குரல் இருக்கிறதா என்று தேடினேன். இந்தப் பழைய கைபேசியில் நம் மொழிக்கு இல்லையாம். சரி போ.

எனக்கே தெரிகிறது, இது ஓடாது. தெரிந்தும் விடவில்லை. ஸ்டோர் ரூமுக்கு மட்டும் போக மாட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

நாளை வாரியத்திலிருந்து வருகிறார்கள். அணைத்தால் திரும்ப எழுமோ எழாதோ என்று அணைக்காமலே வைத்திருக்கிறேன். டிக், டிக்.

மார்ச் 18, புதன்

எழுதிவிட வேண்டும்.

காலையில் பையைத் திறந்தபோதே பார்த்தேன். அவள் அந்தக் கருவியை வைத்திருந்தாள், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில், சார்ஜ் போட்டு. எடுத்து வெளியே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஏன்? தெரியாது.

வந்தவர்கள் இரண்டு பேர். வயதான அம்மாள் ஒருத்தர், கூட ஒரு இளைஞர். பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். நிர்வாகி கதவோரம் நின்றார். எர்த் கம்பி எதற்கு என்பது பாடம். கணினி ஒழுங்காக வணக்கம் சொன்னது, இரண்டு மூன்று வாக்கியம் நன்றாகப் போனது. பிறகு டிக் டிக் சத்தம் பெரிதாகி, நின்றது. திரை நீலம். பிறகு கறுப்பு. திரும்பப் போட்டேன், எழவே இல்லை. வட்டைக் காணவில்லை என்று வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி மட்டும்.

நிர்வாகி இரண்டடி முன்னால் வந்து, வந்தவர்களைப் பார்த்து, "மன்னிக்கணும், சாருக்கு உடம்பு..." என்று ஆரம்பித்தார்.

பைக்குள் கை போனது. கருவியைக் கழுத்தில் அழுத்தினேன்.

"உட்காருங்க" என்றேன்.

ஙொய்யென்று வந்தது. அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை, உதட்டை நன்றாக விரித்து: "உட்காருங்க. நான் இன்னும் சொல்லி முடிக்கல."

உட்கார்ந்தார்.

பிரமாதமாக நடத்தினேன் என்று எழுத ஆசைதான். இல்லை. பாதி வார்த்தை மாணவர்களுக்குப் புரியவில்லை. 'எர்த்' என்றால் ஒருவர் 'எட்டு' என்று எழுதினார். ஒரு கை கருவியில் மாட்டிக்கொண்டதால் ஒயரைப் பிடிக்க முடியாமல் தடுமாறினேன், கழுத்துத் துளை வழியாக இருமல் வேறு. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. டாக்சிக்காரர் கொஞ்சமும் பாவம் பார்க்கவில்லை. "புரியல சார், திரும்பச் சொல்லுங்க." சொன்னேன். "இன்னும் புரியல சார்." அந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது. மறுபடி சொன்னேன். "ஆங், இப்ப சரி" என்று எழுதிக்கொண்டார்.

முடிவில் அந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்டார், ஈரமான இடத்தில் எர்த் வேலை செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், என் கழுத்தை அல்ல. பதில் சொன்னேன். குறித்துக்கொண்டு போனார்கள்.

மார்ச் 19, வியாழன்

அவள் நேற்று நான் வந்த கோலத்தைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. இன்று காலை, வேலைக்குக் கிளம்பும் முன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கருவியை வைத்து முழுக்கச் சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்டாள்.

கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள், "கொடூரமாத்தான் இருக்கு." பிறகு, "ஆனா கோவம் வந்தா எந்த இடத்துல மூச்ச நிறுத்துவீங்களோ, அங்கதான் நிறுத்துறீங்க."

இன்று அவள் வேலைக்குத் தாமதம்.

மார்ச் 27, வெள்ளி

வாரியத்திலிருந்து பதில் வந்துவிட்டது. பாடத்தில் குறையில்லை, மாணவர்களுக்குப் பேச்சு சரியாகப் புரியவில்லை, ஜூனில் திரும்ப வந்து பார்ப்போம், அதுவரை கூட ஒரு உதவியாளர் இருக்க வேண்டும்.

நிர்வாகி மறுபடி ஸ்டோர் ரூம் பேச்சை எடுத்தார். "வேணாம்" என்றேன். "என்ன சார்?" என்றார். "வேணாம்." இன்னும் புரியாத மாதிரி பார்த்தார். சொல்லிக்கொண்டே இருந்தேன். புரிந்ததோ, சலித்துப் போனாரோ, சரி என்றுவிட்டார். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நேரே பேச்சுப் பயிற்சிக்குப் போனேன். அங்கே இருக்கும் பெண் என்னை மறக்கவில்லை. இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்றாள். சின்ன வீட்டில் இருந்தேன் என்றேன். புரியவில்லை அவளுக்கு. அதுவும் நல்லதுதான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

கணினியைக் கொடுத்து வைத்திருந்த பழுது பார்ப்பவரிடமிருந்து தகவல். வட்டைத் தேற்ற முடியவில்லை. திருப்பி வாங்கிக்கொள்கிறீர்களா, பாகங்களுக்குக் கொடுத்துவிடுகிறீர்களா என்று கேட்டார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாகங்களுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். திரையின் கீல் இன்னும் நன்றாக இருக்கிறது, யாருக்காவது ஆகும்.

கண் கலங்கவில்லை என்று எழுதினால் பொய். இந்த இரண்டு வருடம் என்னை நாலு பேர் நடுவில் நிறுத்தியது அதுதானே. நான்தான் அதை விடாமல் பிடித்துக்கொண்டு, சாகிற வரை வேலை வாங்கிவிட்டேன்.

மே 8, வெள்ளி

'ப'வும் 'ம'வும் ஒன்றாகவே வருகிறது. பல் என்றால் மல். பாடம் என்றால் மாடம். விட மாட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

போன வாரம் வாரியத்தார் வந்து போனார்கள். வகுப்பைத் தொடரலாம், உதவியாளர் வேண்டாம். அதைப் பற்றிச் சாவகாசமாக எழுதுகிறேன். இன்று நடந்ததை முதலில்.

மத்தியானம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவேன். எடுத்தேன். எடுத்த பிறகுதான், எடுத்துவிட்டோமே என்று தோன்றியது.

ஒரு அம்மாள், நல்ல கோபத்தில். "மெத்தை என்னாச்சு? காலைல வரும்னீங்க."

"இது மெத்தைக் கடை இல்லம்மா" என்றேன்.

"இந்த மிஷின் குரலெல்லாம் எனக்கு வேணாம். ஆளைக் குடுங்க."

"ஆள்தான் பேசறேன்."

"ஆளா?"

"ஆள்தான்."

"அப்ப ஏன் பொய் சொல்றீங்க? மெத்தை வரலன்னா வரலன்னு சொல்லுங்க." பிடித்துக்கொண்டார். போன மாதம் கட்டில் வந்ததாம், அதிலும் ஒரு கால் குட்டையாம். நான் என்ன மரத்துக் கட்டில் என்று கேட்டேன். கால் குட்டை என்றால் அடியில் என்ன கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். அது தனக்குத் தெரியாதா என்றார். தெரிந்தால் ஏன் இத்தனை நாள் ஆடுகிற கட்டிலில் படுத்தீர்கள் என்றேன். வார்த்தைக்கு வார்த்தை. பட்டென்று வைத்துவிட்டார்.

ஈரத் தலையோடு அவள் கூடத்துக்கு வந்தாள். "யாரோட பேசிக்கிட்டிருந்தீங்க?"

"தெரியல" என்றேன். "சும்மா பேசிக்கிட்டிருந்தேன்."